காளைப் பெட்டியில் கனகாம்பரம்

அத்தியாயம் பதினான்கு

"பெரியநாயகி அப்பனை எதிர்த்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறாளா, இல்லை கடைசி நேரத்தில் காலில் விழுந்துவிடுவாளா? இப்படி ஒரு வாரம் இழுத்தடிக்கிறீரே, உமக்கே நியாயமா?" என்று மணமேல்குடியிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார்.

நியாயம் இல்லைதான் அம்மணி. ஆனால் தேர்தல் தேதியை நானா வைத்தேன்? நம் கதையில் இன்றைக்குத்தான் அந்த நாள் விடிந்திருக்கிறது. ஐம்பத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. திருவரங்குளத்துக்குக் கிழக்கே ஆவாரங்குடி என்று ஓர் ஊர். அந்த ஊரில் கட்சி என்றால் ஆத்மநாதன், ஆத்மநாதன் என்றால் கட்சி. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போனவர். கதரைத் தவிர வேறு துணி உடம்பில் ஏறாது. இரட்டைக் காளைச் சின்னத்துக்கு ஊரில் பூத் ஏஜெண்டு அவர்தான், வேறு யார் உட்காருவது?

அவருடைய ஒரே மகள் பெரியநாயகி. வயது இருபத்திரண்டு. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். இந்தப் பெண்தான் சைக்கிள் சின்னத்துக்கு ஏஜெண்டாக உட்காரச் சம்மதித்துவிட்டாள். சைக்கிளில் நிற்கிறவர் வீரய்யா. ஆத்மநாதனோடு ஜெயிலில் ஒரே கொட்டடியில் கிடந்தவர், பிறகு கட்சியோடு மனம் ஒட்டாமல் விலகி வந்தவர்.

"அந்த நாக்காலியில ஒக்காரப் போறேன்னு சொன்னப்பவே எனக்கும் ஒனக்கும் பேச்சு முடிஞ்சுது" என்றார் ஆத்மநாதன். சொன்னதோடு நிற்கவில்லை, ஒன்பது நாளாக மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்கும் கலங்காத பெண் இதற்குக் கலங்கிப் போயிருந்தாள். அப்பா மறுபடி ஒருமுறை "நாயகி" என்று கூப்பிட மாட்டாரா என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது. ஆனாலும் நாற்காலியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அப்பனுக்குப் பிறந்த மகள் அல்லவா!

விடியற்காலை. அடுப்படியில் ஒரு மூலையில் அப்பா, மறு மூலையில் மகள். இருவருக்கும் நடுவே கஞ்சிப் பானையோடு நாயகியின் அம்மா ஆவுடையாள்.

"ஆவுடையா, ஒன் மககிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்தார் ஆத்மநாதன். "நம்ம கட்சியில நிக்கிற மில்லுக்காரரு ஒண்ணும் உத்தமரு இல்லை. நானே ஒத்துக்கிறேன். ஆனா ஓட்டைப் பிரிச்சா நடுவுல குதிரை பூந்துரும். பெரிய வீட்டுக்காரன் ஜெயிச்சான்னா கண்மாய் மடை பழையபடி அவன் வயலுக்கு மட்டுந்தான் தொறக்கும்."

குதிரை என்பது அந்தப் பெரிய வீட்டுக்காரரின் சின்னம். மூன்றாவது பெட்டி.

"ஏடி, அப்பா சொல்றாங்க, ஓட்டைப் பிரிச்சா குதிரை பூந்துருமாம்" என்று ஆவுடையாள் அப்படியே திருப்பிச் சொன்னாள். நாலடி தூரத்தில் இருந்தவளுக்கு அது முதலிலேயே கேட்காமலா இருந்தது?

"ஆத்தா, அப்பாகிட்டச் சொல்லு. போன தேர்தல்லயும் இதையேதான் சொன்னாங்க. குதிரை வருது, யானை வருதுன்னு பயங்காட்டியே அஞ்சு வருசம் போயிருச்சு. கீழத்தெருவுக்குக் கெணறு வந்துச்சா?"

இது சுருக்கென்று தைத்தது. கீழத்தெருப் பெண்கள் குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடந்து ஊற்றுத் தோண்டி இறைக்கிறார்கள். கிணறு வெட்டித் தருவதாகக் கட்சி சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. ஆத்மநாதன் ஏழு மனு எழுதிப் போட்டார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வெட்டவும் இல்லை.

"ஜெயிக்கிற எடத்துல இருந்து கேட்டாத்தான் காரியம் நடக்கும்னு சொல்லு. வீரய்யா தங்கமான ஆளு. ஆனா அவன் ஜெயிக்க மாட்டான். தோத்துப் போற நல்லவன் கெணறு வெட்டுவானா?"

"நம்ம ஓட்டு எங்கிட்டும் போகாதுன்னு தெரிஞ்சா, எவன் வெட்டுவான்னு கேளு ஆத்தா. சைக்கிளுக்கு நூறு ஓட்டு விழட்டும். அப்பத்தான் கீழத்தெரு எங்கிட்டு இருக்குன்னு மில்லுக்காரருக்கு ஞாபகம் வரும்."

"நான் என்ன மனுசியா, தபாலாபீசா?" என்று கரண்டியை வைத்தாள் ஆவுடையாள். வைத்தாளே தவிர, அதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் புருஷனிடம் சொன்னாள். ஒன்பது நாளாக அவளுக்கு இதே வேலை.

ஆத்மநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இருபதடி பின்னால் மகள் நடந்தாள். போகிற இடம் ஒன்றுதான்.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. இப்போது மாதிரி சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் அப்போது வரவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தகரப் பெட்டி, அதில் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். விரலில் மை வைத்துச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள். துணித் தடுப்புக்குள் தனியாகப் போய், வேண்டிய பெட்டியின் மேல் துளை வழியாகச் சீட்டை உள்ளே போட வேண்டும். டில்லிச் சபைக்கு வேறு சீட்டு, வேறு பெட்டி உண்டு. அதில் நம் வீட்டில் சண்டை இல்லாததால் விட்டுவிடுவோம்.

ஏஜெண்டுகளுக்கு மூன்று நாற்காலி. முதலாவதில் ஆத்மநாதன். கடைசியில் பெரியநாயகி. நடுவில் குதிரைக்காரரின் ஆள், எட்டு மணிக்கே தூங்கி வழிய ஆரம்பித்துவிட்டான்.

அவள் உட்கார்ந்ததும் வரிசையில் நின்ற ஆண்களிடம் ஒரு சலசலப்பு. "ஆத்மநாதன் மகளா சைக்கிளுக்கு?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார். ஆத்மநாதன் ஓட்டர் லிஸ்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெரியநாயகி பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெயர்களைச் சரிபார்க்க ஆரம்பித்தாள்.

பத்து மணி இருக்கும். கீழத்தெருப் பெண்கள் வந்தார்கள்.

ஐயா, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! போன தேர்தலுக்கு அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்ணும் வாசல்படி தாண்டவில்லை. இன்றைக்கு எழுபது பேர். தலைக்குக் குளித்து, பெட்டியடியில் கிடந்த நல்ல சேலையை உடுத்தி, கொண்டையில் கனகாம்பரம் வைத்து, திருவிழாவுக்குப் போவது போல் வரிசையாக வந்தார்கள். ஆத்மநாதன்தான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தார். மேலத்தெருவிலிருந்து போய் அந்தத் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆள் அவர். "ஐயா கூப்பிட்டாங்க" என்ற ஒரு வார்த்தைக்காக அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

பெரியநாயகிக்கு அந்த ஓட்டெல்லாம் எதிர்ப்பெட்டிக்குப் போகப் போகிறது என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை அறியாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தவளை முத்தாள் பிடித்துக்கொண்டாள். கீழத்தெருக்காரி, மூன்று பிள்ளைக்குத் தாய், நாயகியிடம்தான் ரவிக்கை தைப்பவள்.

"தாயி, கோவிச்சுக்காத. நான் காளைக்குத்தான் போட்டேன். ஐயா வீடு தேடி வந்து கேட்டாங்க."

"அது ஒன் இஷ்டம்க்கா. என்கிட்டச் சொல்லாத. யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சிவன் கோயில் நந்தி மாதிரி என்னா லச்சணம் அந்தக் காளை! சீட்டை அது தலைக்கு மேல வச்சேன். குங்குமம் தொட்டு வச்சேன். கொண்டையில இருந்த பூவையும் எடுத்து வச்சுட்டு வந்துட்டேன். எனக்கு முன்னால போனவளுகளும் அப்படித்தான் வச்சிருக்காளுக. பெட்டி தெரியலை, ஒரே பூவா இருக்கு."

பெரியநாயகி கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது.

"வச்சியா? பெட்டிக்கு உள்ள போடலையா?"

"சாமிக்கு வைக்கிறதைப் பொந்துக்குள்ள திணிப்பாங்களா தாயி?"

நாயகிக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. போன தேர்தலுக்கு இந்த ஊர் மேலத்தெருப் பெண்களுக்கெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் துளை போட்டு, சீட்டை எப்படிப் போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவளே அவள்தான். அப்பா வீட்டு வாசலில் நின்று பேசுவார், அவள் டின்னோடு அடுப்படிக்குள் போவாள். இந்தத் தடவை அப்பா தனியாகப் போனார். அவளும் மற்றத் தெருக்களுக்குத் தனியாகப் போனாள். அவர் ஆண்பிள்ளை, எந்தப் பெட்டி என்று சொன்னார், எப்படிப் போடுவது என்று காட்ட உள்ளே போகவில்லை. அவள், காளைக்குப் போடப் போகிறவர்களுக்கு நாம் என்ன காட்டுவது என்று கீழத்தெருப் பக்கமே போகவில்லை. அப்பன் மகள் கோபத்துக்கு இந்தப் பெண்களின் முதல் ஓட்டு பலியாகிக்கொண்டிருந்தது.

ஓடினாள். கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் சைக்கிள் கட்சிக்காரன் பிச்சை நின்றிருந்தான். மூச்சு வாங்கச் சொன்னாள்.

பிச்சை சுற்றும் முற்றும் பார்த்தான். "யாருக்காச்சும் தெரியுமா?"

"ஒன்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுப் போயி ஒக்காரு. இன்னும் அறுவது பேரு வரிசையில நிக்கிறாங்க. நம்ம பெட்டிக்கு வராட்டிப் போகுது, அந்தப் பெட்டிக்குள்ளயும் விழலைல்ல? நீயா கெடுத்த? அவங்களாக் கெடுத்துக்கிறாங்க."

"நீயெல்லாம் மனுசனா?"

"அரசியல்டி நாயகி இது."

"கீழத்தெருப் பொம்பளைங்க மொத மொத தெருவைத் தாண்டி வந்து போடுற ஓட்டுடா! அது செல்லாமப் போகட்டும்னு ஒக்காந்துக்கிட்டு, அவங்களுக்குக் கெணறு வெட்டித் தாரேன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்ப? வீரய்யா மாமா இங்க இருந்தா ஒன்னைச் செருப்பால அடிப்பாரு."

பிச்சை பிறகும் ஏதோ சொன்னான். அவள் நின்று கேட்கவில்லை.

நேரே அதிகாரி மேஜைக்குப் போனாள். உரக்கவே சொன்னாள்.

"ஐயா, ஓட்டை நிப்பாட்டுங்க. உள்ள பெட்டி மேல சீட்டு வெளிய கெடக்கு."

நடு நாற்காலிக்காரனுக்குத் தூக்கம் கலைந்தது. ஆத்மநாதன் எழுந்து நின்றுவிட்டார். அதிகாரி மூன்று ஏஜெண்டையும் கூட்டிக்கொண்டு தடுப்புக்குள் போனார்.

காளைப் பெட்டி மேல் ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குங்குமப் பொட்டு. அதிகாரி பூவை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்தார். பதினொன்று.

"பெட்டிக்கு வெளிய கெடந்தா செல்லாது" என்றார்.

"ஐயா, அவங்க மனசு தெரியுதுல்ல?" என்று கேட்டார் ஆத்மநாதன். அவர் குரல் அப்படித் தழைந்து யாரும் கேட்டதில்லை.

"மனசு தெரியுதுங்க. சட்டத்துல பூவுக்கு எடம் இல்லையே."

பதினொன்றையும் ரத்து என்று எழுதி உறையில் போட்டார். ஆனால் நல்ல மனிதர். சாவடியில் வேலைக்கு வந்திருந்த பெண் டீச்சரைக் கூப்பிட்டு, ஒரு சாக்பீஸ் டப்பாவையும் வெற்றுக் காகிதத்தையும் கொடுத்து, சீட்டை எப்படி உள்ளே போட வேண்டும் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்குக் காட்டச் சொன்னார்.

வெளியே முத்தாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என் ஓட்டுப் போயிருச்சா? குளிச்சு முழுகி வந்தேனே! நீ சொல்லாம இருந்தா என்னாடி கொறைஞ்சு போகும் ஒனக்கு?"

"சொல்லாம இருந்தா ஒன் தெரு மொத்தமும் போயிருக்கும்க்கா" என்றாள் பெரியநாயகி. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

முத்தாள் அவளையே பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வரிசையின் கடைசிக்குப் போனாள். வெயிலில் நின்று, தன் தெருப் பெண்கள் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும், "பொந்துக்குள்ள போடுங்கடி, மேல வைக்காதீங்கடி, என் கதியாயிரும்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். தன் ஓட்டுச் செல்லாது என்று தெரிந்த பிறகும் கடைசி ஆள் போடுகிற வரைக்கும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. எனக்குக் கட்சி கிடையாது, ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாலை போட வேண்டும் என்று மட்டும் ஆசை உண்டு.

ஆத்மநாதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். லிஸ்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி லிஸ்டைப் பார்த்தார்.

மூன்று மணிக்கு ஒரு ஜீப் வந்து புளியமரத்துக்கு அப்பால் நின்றது. கட்சியின் தாலுக்காச் செயலாளர் பழனிச்சாமி இறங்கினார். காற்றோடு செய்தி எல்லா ஊருக்கும் போய்விட்டது போலிருக்கிறது. வாயெல்லாம் பல்.

ஆத்மநாதன் அவரைப் பார்க்க வெளியே வந்தார். அதே நேரத்தில்தான் ஆவுடையாள் ஓட்டுப் போட வந்தாள், இருவருக்கும் சோற்றுத் தூக்கோடு. மகளும் சாப்பிட வெளியே வந்திருந்தாள். ஆக மூன்று பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"அடேயப்பா, ஆத்மநாதன்! பொண்ணுன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று பழனிச்சாமி கையைப் பிடித்துக் குலுக்கினார். "கடைசியில நம்ம பக்கம் வந்துருச்சு பாருங்க. ரத்தம் விட்டுப் போகுமா? நான் இப்பவே அடுத்த ஊர் பூத்துகளுக்குப் போறேன். சைக்கிள் ஏஜெண்டே சைக்கிளைக் கைவிட்டுட்டு நம்ம பக்கம் வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீரய்யா கதை சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுது!"

பெரியநாயகிக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் செய்தது இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவே இல்லை. வீரய்யா மாமாவுக்கு என்ன பதில் சொல்வது? அப்பா என்ன சொல்லப் போகிறார்?

ஆத்மநாதன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார்.

"ஏன், நடந்ததுதானே?"

"நடந்தது அது இல்லை. என் மக நம்ம பக்கம் வரலை. அவ பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் சொன்னா. அவ கட்சிக்கு நட்டம்னு தெரிஞ்சே சொன்னா. நீங்களும் நானும் அந்த நாக்காலியில இருந்திருந்தா சொல்லியிருப்போமான்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நான் சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலைங்க."

"என்னய்யா பேசுறீங்க? எலெக்‌ஷன் நேரத்துல..."

"பொய் சொல்லித்தான் நாம ஜெயிக்கணும்னா, ஜெயில்ல நான் எதுக்குக் கேப்பைக் களி தின்னேன்? அடுத்த ஊருல போயி நீங்க அப்படிச் சொன்னா, நானும் பின்னாலயே வந்து இல்லைன்னு சொல்லுவேன். என் பேச்சை இந்த வட்டாரத்துல நாலு பேரு நம்புவாங்க."

பழனிச்சாமியின் முகம் கறுத்தது. "சரி. நாளைக்குக் காலையில கமிட்டி கூடுது. நீங்க எந்தக் கட்சிக்கு ஏஜெண்டுன்னு அங்க வந்து சொல்லுங்க" என்றார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

இருபத்தைந்து வருஷம் உழைத்த கட்சி. ஆத்மநாதன் அந்தப் புழுதி அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பினார். ஆவுடையாளை நோக்கி அல்ல, மகளை நோக்கி.

"நாயகி."

ஒன்பது நாளைக்குப் பிறகு!

"சோத்தைத் தின்னுட்டுச் சீக்கிரம் உள்ள போம்மா. ஒன் நாக்காலி காலியாக் கெடக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ஆவுடையாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூக்கை மகள் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுப் போடப் போனாள்.

பொழுது சாய்கிற நேரம் பெட்டிகளுக்குச் சீல் வைத்தார்கள். அப்பாவும் மகளும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டிகள் லாரியில் ஏறிப் போயின. எண்ணிக்கை நாலு நாள் கழித்துத்தான். காளையா, சைக்கிளா, குதிரையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கண்மாய்க் கரை வழியாக மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். காலையில் போல இருபதடி இடைவெளி இல்லை. அப்பனும் மகளும் ஒட்டி நடந்தார்கள், ஆவுடையாள் தூக்கோடு பின்னால் வந்தாள். ஒன்பது நாளுக்கும் சேர்த்துப் பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். குதிரை ஜெயித்தால் உன்னால்தான் என்றார் அவர். கிணறு வெட்டாமல் போனது என்னாலா என்றாள் அவள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு.

"அது கெடக்கட்டும். நம்ம ஊருல சைக்கிளுக்கு எம்புட்டு விழுந்திருக்கும்னு நெனைக்கிற?" என்று கேட்டார் ஆத்மநாதன்.

"நாப்பது விழுந்தாலே பெருசுப்பா."

"இருக்கும், இருக்கும். நாப்பது இருக்கும்."

"நாப்பத்தொண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இருவரும் நின்று திரும்பினார்கள்.

"என்ன சொன்ன ஆவுடையா?"

"நாப்பத்தொண்ணுன்னேன்."

"அடிப்பாவி! நீ காளைக்குப் போடலையா?"

"போன தடவை போட்டேன். நீங்க சொன்னீங்க, போட்டேன். இந்தத் தடவைதான் ரெண்டு பேரும் ஆளுக்கொரு நியாயத்தை ஒம்பது நாளா என் வாயால சொல்ல வச்சீங்களே! சொல்லச் சொல்ல நானும் யோசிக்க மாட்டேனா? ஒங்க நியாயத்தைச் சொல்றப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. அவ நியாயத்தைச் சொல்றப்ப தெம்பா இருந்துச்சு. அதான்."

பெரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆத்மநாதன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார், யாரோ புதிதாக ஊருக்கு வந்தவளைப் பார்ப்பது போல. கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. மீசைக்கடியில் சிரிப்புத்தான் வந்தது.

"சரிதான். நாளைக்குக் கமிட்டியில கேப்பானே பழனிச்சாமி, ஒங்க வீட்டுலயே எத்தனை ஓட்டு நமக்கு விழுந்துச்சுன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்?"

ஆவுடையாள் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டி முன்னால் நடந்தாள்.

"உள்ளதைச் சொல்லுங்க. எங்க வீட்டுல மூணு ஓட்டு இருக்கு, மூணையும் மூணு பேரு போட்டாங்கன்னு."